பாதித் திறன், பாதி மின்சாரம்: இந்தியாவின் தூய மின்சார இலக்குகளுக்கு ஒரு சொல் வரலாறு

இது சற்று நீண்ட பதிவு. என் பிழை ஒன்றைத் திருத்துவதற்காக எழுதத் தொடங்கினேன். திருத்தம் நூறாண்டு பின்னோக்கி இழுத்துச் சென்றுவிட்டது. ஆற்றல் கொள்கை படிப்போரும் மொழியியல் படிப்போரும் ஒருங்கே வாசிக்கக்கூடும் என்பதால், இரு துறைச் சொற்களையும் இயன்றவரை விளக்கியே செல்கிறேன்.

சில காலம் முன்பு, தமிழ்நாட்டு மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றுக்காக, பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா 2022 ஆகஸ்டில் அளித்த உறுதிமொழியின் சில வரிகளை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ‘2030க்குள் இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி, புதைபடிவ எரிபொருள் சாராத மூலங்களிலிருந்து கிடைக்கும்’ என்று எழுதியிருந்தேன். துண்டறிக்கை அச்சாகிப் பலர் கைகளுக்குப் போன பிறகு, மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நிறுவுதிறன் வேறு, மின்சாரம் வேறு. மூலத்தை இன்னொரு முறை பாருங்கள்” என்றார். பார்த்தேன். மூலத்தில் இருப்பது ‘ஒட்டுமொத்த மின் நிறுவுதிறனில் ஏறத்தாழ 50 விழுக்காடு’ என்ற தொடர். மொழியியலில் முதுகலை முடித்தவன், வாக்கியத்தின் பெயர்ச்சொல்லைத் தவறவிட்டிருந்தேன்.

வேறுபாடு சிறியதன்று. நிறுவுதிறன் என்பது ஒரு மின்நிலையம் முழு வேகத்தில் இயங்கினால் ஒரு கணத்தில் எவ்வளவு தர இயலும் என்பதன் அளவு, மெகாவாட்டில் சொல்வார்கள். மின்னாற்றல் என்பது ஆண்டு முழுவதும் உண்மையில் வெளிவந்த மின்சாரம். நம் வீட்டு மின்கட்டண அட்டையில் உள்ள யூனிட். ஒரு மெகாவாட் அனல் மின்நிலையம் ஆண்டில் 70 விழுக்காட்டுப் பளுவில் ஓடினால் ஏறத்தாழ 61 லட்சம் யூனிட் தரும். இரவும் மேகமும் போக, 20 விழுக்காட்டுப் பயன்பாட்டில் இயங்கும் ஒரு மெகாவாட் சூரிய மின்நிலையம் தருவது 17.5 லட்சம் யூனிட். நிறுவுதிறனில் இரண்டும் சமம். விளைச்சலில் மூன்றரை மடங்கு இடைவெளி.

2025 ஜூன் இறுதியில் இந்தியாவின் மொத்த நிறுவுதிறன் 484.8 கிகாவாட், அதில் புதைபடிவம் சாராதது 242.8 கிகாவாட். பாதி இலக்கை ஐந்தாண்டு முன்னதாகவே எட்டிவிட்டோம் என்று அரசு அறிவித்தது. அது உண்மை. ஆனால் 2024-25 நிதியாண்டில் உற்பத்தியான மின்சாரத்தில் புதைபடிவம் சாராத பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி நிலக்கரி. அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளும் ஒரே நாட்டைப் பற்றியவை. எதைத் தேசிய இலக்காக எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று வெற்றிச் செய்தியாகிறது, மற்றொன்று அடிக்குறிப்பாகிறது. அந்தத் தெரிவு எப்படி நேர்ந்தது என்பதே இப்பதிவின் கேள்வி.

1. முல்ஷி: ‘பொது நோக்கம்’

தூய மின்சாரத்தின் வரலாற்றை 2008இலோ 2015இலோ தொடங்குவது வழக்கம். நான் வசிக்கும் புனேயிலிருந்து பார்த்தால் அது இன்னும் முன்னே தொடங்குகிறது. நகரின் மேற்கே பௌட் வழியாகத் தாம்ஹினி மலைப்பாதை நோக்கிச் செல்லும் சாலையில் முல்ஷி நீர்த்தேக்கம் வருகிறது. மழைக்காலத்தில் சுற்றுலா வண்டிகள் நிறைந்திருக்கும் இடம். அந்த நீர் இயல்பாகக் கிழக்கே ஓடி, முளா, பீமா, கிருஷ்ணா ஆறுகள் வழியாக வங்கக் கடலை அடைய வேண்டியது. அணை அதைத் திருப்பி, மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான சரிவில் கொங்கணத்துக்கு இறக்குகிறது. அடிவாரத்தில் பிரா மின்நிலையம்.

டாட்டா குழுமத்தின் நீர்மின் திட்டங்கள் இந்த மலைத்தொடரில் அடுத்தடுத்து எழுந்தன: கோபோலி 1915இல், பிவ்புரி 1922இல், பிரா 1927இல். பம்பாய் ஆலைகளின் கரிப்புகைக்கு மாற்றாக மலைநீரிலிருந்து மின்சாரம் தருவதே நோக்கம். ஐரோப்பாவில் அக்காலத்தில் நீர்மின்சாரத்துக்கு ‘வெண்ணிலக்கரி’ என்றே பெயர். புகையில்லாத ஆற்றலுக்கும் நிலக்கரியின் பெயரைத்தான் கடன் கேட்க வேண்டியிருந்தது.

அணையில் மூழ்கவிருந்தவை ஐம்பதுக்கும் மேற்பட்ட மாவளப் பகுதி ஊர்கள். நிலம், 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி ‘பொது நோக்கத்துக்காக’ எடுக்கப்பட்டது. 1921 ஏப்ரல் 16, ராமநவமி நாளன்று உழவர்கள் பணியிடத்தில் அமர்ந்து சத்தியாகிரகத்தைத் தொடங்கினர். பாண்டுரங்க மகாதேவ் பாபட் தலைமையேற்றார். ‘சேனாபதி’ என்ற பட்டம் அவருக்கு இந்தப் போராட்டத்தில் வந்ததே. சில மாதங்கள் பணி நின்றது, பின் தொடர்ந்தது. 1924 வரை நீண்ட போராட்டம் தோற்றது. புனே பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பித்த ராஜேந்திர வோரா இதை உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என்று தம் நூலில் அழைத்தார். நிலத்துக்கு உரிமை கொண்டிருந்த வட்டிக்கடைக்காரர்கள் இழப்பீட்டை ஏற்கத் தயாராக இருந்ததையும், நிலத்தில் உழைத்தவர்கள் மறுத்ததையும் அவர் விரிவாகக் காட்டுகிறார்.

முல்ஷியில் தேசிய இலக்கு என எதுவும் இல்லை. ஆனால் இன்றைய இலக்குகளின் முன்னோடியான ஒரு சொல் இருந்தது. ‘பொது நோக்கம்’ என்னும் தொடரில் ‘பொது’ என்பது யார்? பம்பாய் ஆலைகள் அதற்குள் இருந்தன. மூழ்கிய ஊர்கள் வெளியே நின்றன. எது கணக்கில் வருகிறது, எது வருவதில்லை என்பதைச் சட்டத்தின் ஒரு பெயரடை தீர்மானித்தது.

2. திட்டக் காலம்: மெகாவாட்டே அளவு

விடுதலையின்போது நாட்டின் நிறுவுதிறன் 1,362 மெகாவாட். அதில் நீர்மின்சாரம் 508 மெகாவாட், அதாவது 37 விழுக்காடு. மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்த 1966 மார்ச்சில் மொத்தம் 9,027 மெகாவாட், நீர்மின் 4,124. ஏறத்தாழ 46 விழுக்காடு. மாணவர் நண்பர்கள் இந்த எண்ணில் ஒரு நிமிடம் நிற்க வேண்டுகிறேன். 2025இல் நாம் கொண்டாடிய பாதியை, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஏறத்தாழ எட்டியிருந்தோம். பிறகு 1960களின் நடுவில் வந்த வறட்சிகள் நீரை நம்புவதன் இடரைக் காட்டின. 1970களின் தொடக்கத்தில் நிலக்கரி நாட்டுடைமையானது, 1975இல் தேசிய அனல் மின் கழகம் பிறந்தது. பங்கு சரியத் தொடங்கியது. 1998ஆம் ஆண்டு நீர்மின் கொள்கை, நீர் 40, அனல் 60 என்ற விகிதத்தை உகந்ததாகக் குறிப்பிட்டபோது, உண்மை நிலை நான்கில் ஒன்றளவுக்கு இறங்கியிருந்தது.

இந்தக் காலத்தின் இலக்குகள் அனைத்தும் மெகாவாட்டில் எழுதப்பட்டவை. காரணம் எளிது. இல்லாத ஒன்றைக் கட்டி எழுப்பும் நாட்டுக்கு, எவ்வளவு கட்டினோம் என்பதே முதற்கேள்வி. அணுமின்சாரத்திலும் இதே வாக்கிய அமைப்பைக் காண்கிறோம். 1980க்குள் 8,000 மெகாவாட் என்று ஹோமி பாபா 1950களில் மதிப்பிட்டார். 1980இல் நாடு 1,000 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. 2000க்குள் 10,000 மெகாவாட் என்று 1980களில் எழுதிக்கொண்டோம். அந்த ஆண்டு இருந்தது 3,000க்கும் குறைவு. தவறிய இலக்குக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை; அடுத்த ஆண்டெண்ணும் அடுத்த மெகாவாட்டும் அதன் இடத்தை நிரப்பிவிடும்.

திறனை மட்டும் எண்ணுவதன் விலையை மகாராஷ்டிரம் 1990களில் வேறொரு வகையில் அறிந்தது. என்ரான் நிறுவனத்தின் தாபோல் திட்டம் தூய மின்சாரம் அன்று. ஆயினும் நம் கேள்விக்கு உரியது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிறுவுதிறனுக்கு நிலைக்கட்டணம் செலுத்த மாநில மின்வாரியம் கடமைப்பட்டிருந்தது. புனேயின் பிரயாஸ் ஆய்வுக் குழுவில் கிரிஷ் சந்தும் அவருடைய தோழர்களும் அந்தக் கொள்முதல் ஒப்பந்தத்தைப் பகுத்தாய்ந்து, விளைவுகளைப் பொதுமக்கள் முன் வைத்தனர். மின்சாரக் கொள்கையை வாக்கிய அளவில் படிக்கும் ஒரு மரபு இந்நகரில் அப்படித்தான் வேரூன்றியது என்று கருதுகிறேன்.

3. ‘மரபுசாரா’ முதல் ‘புதுப்பிக்கத்தக்க’ வரை

1982இல் நடுவண் அரசில் மரபுசாரா எரிசக்தித் துறை உருவானது. 1992இல் அது தனி அமைச்சகமாயிற்று. 2006இல் ‘புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம்’ என்று பெயர் மாறியது. ‘மரபுசாரா’ என்பது எதிர்மறைச் சொல். மரபு எதுவோ, அதுவல்லாதது என்று பொருள். சாண எரிவாயுவும் காற்றாலையும் சூரிய அடுப்பும் அந்த எதிர்மறையின் கீழ் ஒன்றாகக் கிடந்தன. ‘புதுப்பிக்கத்தக்க’ என்பது பொருளின் இயல்பைச் சொல்லும் உடன்பாட்டுச் சொல். இலக்கு வைப்பதற்கு எல்லை தெளிந்த ஒரு வகைப்பாடு வேண்டும்; 2006இன் பெயர் மாற்றம் அதற்கு வழி செய்தது.

வகைப்பாட்டின் எல்லை நகரக்கூடியது என்பதை 2019 காட்டியது. அதுவரை 25 மெகாவாட்டுக்கு உட்பட்ட சிறு நீர்மின்நிலையங்களே ‘புதுப்பிக்கத்தக்கவை’ என்னும் கணக்கில் சேர்ந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் அமைச்சரவை பெரிய அணைகளையும் சேர்த்தது. ஒரு சுவரும் எழாமல், ஒரு குழியும் தோண்டப்படாமல், ஏறத்தாழ 45 கிகாவாட் இடம் மாறியது. இம்முடிவுக்குக் கொள்கை சார்ந்த காரணங்கள் இருந்தன. நீர்மின் திட்டங்கள் தேங்கியிருந்தன. ஆனால் ஆண்டுகளுக்கிடையே எண்களை ஒப்பிடும் ஆய்வாளர், எந்த அகராதியின் எண் என்று முதலில் கேட்டாக வேண்டும்.

திறன், ஆற்றல் என்ற இரண்டு பெயர்ச்சொற்களின் போட்டியை முதலில் நடைமுறையில் கண்டது தமிழ்நாடு. 1986இல் தூத்துக்குடியில் செயல்விளக்கக் காற்றாலைகள் எழுந்தன. பின்னர் முப்பந்தல் கணவாய் நாட்டின் காற்றாலை முகமாயிற்று. 1990களின் வளர்ச்சிக்கு உந்துசக்தி, முதலீட்டை முதலாண்டிலேயே வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளும் விரைவுத் தேய்மானச் சலுகை. காற்றாலையை நிறுவினாலே சலுகை கிடைத்தது. அது எவ்வளவு சுழன்றது என்று யாரும் கேட்கவில்லை. 2009 டிசம்பரில்தான், அந்த வரிச்சலுகையைப் பெறாதவர்களுக்கு உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா என்ற ஊக்கத்தொகை வந்தது. பெயர்ச்சொல் மெகாவாட்டிலிருந்து யூனிட்டுக்கு மாறியதும் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதே மாறியது.

4. இரண்டு இலக்குகள், இரண்டு இலக்கணங்கள்

2008 ஜூன் 30 அன்று வெளியான பருவநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தில் பலர் மறந்துவிட்ட ஒரு வரி உண்டு. 2009-10இல் மின்கட்டமைப்பு வாங்கும் மின்சாரத்தில் 5 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும்; பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு விழுக்காடு உயர வேண்டும். இது ஆற்றல் இலக்கு. இதற்கு வினைமுதலும் உண்டு. மின்சாரம் வாங்கும் பகிர்மான நிறுவனங்கள். மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் இதைக் கொள்முதல் கடப்பாடாக ஆணையிட்டன. பல மாநிலங்கள் தவறின; அபராதம் அரிதாகவே விழுந்தது. ஆனாலும் யார் தவறினார் என்று பெயர் சொல்ல முடிந்தது.

2010 ஜனவரியில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் மறுவகை. 2022க்குள் 20,000 மெகாவாட். 2015இல் இது ஐந்து மடங்காகி 100 கிகாவாட் ஆயிற்று. காற்று 60, உயிரி எரிபொருள் 10, சிறுநீர்மின் 5 சேர்ந்து 175 கிகாவாட் என்ற புகழ்பெற்ற எண் பிறந்தது. 2022 டிசம்பர் இறுதியில் எட்டியது ஏறத்தாழ 121 கிகாவாட். இதைத் தோல்வி என்று மட்டும் சொல்வது நேர்மையாகாது. 2010இன் மூல இலக்கான 20 கிகாவாட் சூரிய மின்சாரத்தை நாடு குறித்த காலத்துக்கு முன்பே கடந்து, 2022இல் 63 கிகாவாட்டில் நின்றது. உயர்ந்த எண் சந்தைக்கு ஒரு திசை காட்டியது. ஏலங்களில் விலை வீழ்ந்தது.

எங்கே தவறினோம் என்பதும் கற்கத்தக்கது. சூரிய இலக்கின் 100 கிகாவாட்டில் 40 வீட்டுக் கூரைகளுக்கு ஒதுக்கப்பட்டது. 2022இல் அதில் கால்பங்கைக்கூட எட்டவில்லை. அந்த வாக்கியத்துக்கு வினைமுதல் யார்? அனுமதியும் நிகர அளவியும் தர வேண்டியது பகிர்மான நிறுவனம். கூரையில் தகடு போடும் வசதியுள்ள வீட்டாரே அதன் நல்ல கட்டணம் செலுத்தும் நுகர்வோர். தன் வருவாயைத் தானே குறைத்துக்கொள்ளும் வேலையை யாருடைய கடமை என்றும் எழுதாமல் விட்டால் நடப்பது இதுவே. 2024 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற கூரை சூரிய மின்திட்டம், ‘ஒரு கோடி வீடுகள்’ என்று அலகையே மாற்றிக்கொண்டதை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும்.

அடுத்து கிளாஸ்கோ. 2021 நவம்பர் 1 அன்று பிரதமர் அறிவித்த ஐந்து உறுதிகளில் இரண்டு நமக்குத் தேவை. ஒன்று, 2030க்குள் புதைபடிவம் சாராத 500 கிகாவாட் திறன். மற்றொன்று, நாட்டின் ஆற்றல் தேவையில் 50 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து. ஒன்பது மாதங்களுக்குப் பின் ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு அளித்த எழுத்துவடிவில் 500 என்ற எண் இல்லை. இரண்டாவது உறுதியோ மூன்று இடங்களில் மாறியிருந்தது. ‘ஆற்றல்’ என்பது ‘மின்சாரம்’ ஆயிற்று. போக்குவரத்தின் பெட்ரோலும் ஆலைகளின் கொதிகலனும் வெளியேறின. ‘தேவை’ என்பது ‘நிறுவுதிறன்’ ஆயிற்று. ‘புதுப்பிக்கத்தக்க’ என்பது ‘புதைபடிவம் சாராத’ ஆயிற்று; அணுமின்சாரமும் உள்ளே வந்தது. ‘50’ மட்டும் மாறவில்லை. கூடவே, தொழில்நுட்பப் பரிமாற்றமும் குறைந்த வட்டியில் பன்னாட்டு நிதியும் கிடைத்தால் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. வாக்கியம் எழுவாயில்லாத தொழிற்பெயராக நிற்கிறது: ‘எட்டுதல்’. யார் எட்ட வேண்டும் என்பது அதில் இல்லை.

அதே மாநாட்டின் இறுதி நாளில், நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக ‘ஒழித்தல்’ என்றிருந்த சொல், இந்தியா முன்வைத்த திருத்தத்தால் ‘குறைத்தல்’ ஆனதும் நினைவிருக்கும். இவற்றை ஏமாற்று என்று முடிப்பது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. மழை பொய்க்கும் ஆண்டில், தேவை தாவி உயரும் ஆண்டில், உற்பத்திப் பங்கு அரசின் கையில் முழுமையாக இல்லை. எவ்வளவு நிறுவுவது என்பது ஓரளவு கையில் உண்டு. தலைக்கு மின்நுகர்வு குறைந்த நாடு, பன்னாட்டு அரங்கில் தன் கட்டுப்பாட்டில் உள்ளதை மட்டும் வாக்களிப்பது பேச்சுவார்த்தை அறிவு. சீனமும் காற்று, சூரியன் இரண்டுக்குமாக 1,200 கிகாவாட் என்று திறனில்தான் வாக்களித்தது. 2030க்கு உரியதை 2024இலேயே எட்டியது. ஜெர்மனியோ 2030இல் மின்நுகர்வில் 80 விழுக்காடு என்று ஆற்றலில் எழுதிச் சட்டமாக்கிக்கொண்டது. எங்கே எந்தச் சொல் என்பது அந்தந்த அரசு எதற்குப் பொறுப்பேற்க முன்வருகிறது என்பதைக் காட்டுகிறது.

இந்தியாவிடமும் ஆற்றல் இலக்கு இருக்கிறது. 2023 அக்டோபரில் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின் கீழ் வெளியான அறிவிக்கை, நுகரும் மின்சாரத்தில் புதுப்பிக்கத்தக்க பங்கு 2024-25இல் 29.91 விழுக்காடாகவும், 2029-30இல் 43.33 விழுக்காடாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கடமைப்பட்டவர் யார் என்பதும் அதில் உண்டு. 2008இன் மறந்த வரி, சட்ட வலுவுடன் திரும்பி வந்திருக்கிறது. ஆயினும் செய்தித் தலைப்புகளில் நாம் காண்பது 500 கிகாவாட்டையே.

5. மீண்டும் அதே ஏரிகள்

இது சொல்லாராய்ச்சி மட்டும் எனில் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். திறனை இலக்காக்கினால் தகடுகள் பெருகும். மின்வழித்தடமும் சேமிப்பும் பின்தங்கும். ராஜஸ்தானில் நண்பகல் சூரிய மின்சாரத்தை வழித்தடப் பற்றாக்குறையால் நிறுத்திவைக்க நேர்கிறது. அதே நாள் இரவில் நிலக்கரி எரிகிறது. நிறுவுதிறன் கணக்கில் இந்த இழப்பு தெரியாது.

சேமிப்புக்கான தேடல் நம்மை மறுபடியும் புனேயின் மேற்கே கொண்டுவருகிறது. 2023 ஆகஸ்டில் டாட்டா பவர் நிறுவனமும் மகாராஷ்டிர அரசும் 2,800 மெகாவாட் நீரேற்றுச் சேமிப்புத் திட்டங்களுக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன: புனே மாவட்டத்தின் ஷிராவ்டாவில் 1,800, ராய்கட் மாவட்டத்தின் பிவ்புரியில் 1,000. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலேற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுப்பது திட்டம். பழைய அணைகளையே பயன்படுத்துவதால் புதிய மூழ்கல் குறையும் என்பது இத்தகைய திட்டங்களின் பெரும் நன்மை. அதே மலைத்தொடர், அதே நிறுவனம், நூறாண்டுக்குப் பின் அதே வாக்குறுதி: தூய மின்சாரம். அதன் தேவையை நான் மறுக்கவில்லை. மலையில் நீர், நிலம், காடு ஆகியவை யாருக்கு உரியவை என்ற 1921இன் கேள்வி, 2030இன் மெகாவாட் கணக்கில் எந்தப் பத்தியில் பதிவாகும் என்பதையே கேட்கிறேன்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு சிறு வாசிப்புப் பயிற்சியை முன்வைக்கிறேன். அடுத்த முறை ஒரு தேசிய இலக்கைக் காணும்போது, எண்ணை விரலால் மறைத்துவிட்டு மிச்ச வாக்கியத்தைப் படியுங்கள். எண்ணப்படும் பொருள் திறனா, ஆற்றலா, வீடா? செய்து முடிக்கும் கடமை யாருடையது? அந்த வகைப்பாட்டுக்குள் வந்து சேர்ந்தவை எவை, வெளியே தள்ளப்பட்டவை எவை? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு விரலை எடுக்கலாம்.

வாசிப்பு வட்டத்தார் துண்டறிக்கையின் மறுபதிப்பில் திருத்தத்தைச் சேர்க்க இசைந்துள்ளனர். புதிய வரி இது: ‘2030க்குள் இந்தியாவின் ஒட்டுமொத்த மின் நிறுவுதிறனில் ஏறத்தாழ 50 விழுக்காட்டைப் புதைபடிவ எரிபொருள் சாராத மூலங்களிலிருந்து எட்டுதல்.’ பழைய வரியைவிட நீளம். நாவில் எளிதில் புரளாது. இதன் கீழே 2024-25இன் உற்பத்திப் பங்கையும் ஒரு வரியாகச் சேர்க்குமாறு கேட்டிருக்கிறேன். அழைத்துத் திருத்திய பொறியாளர் ஐயாவுக்கு என் நன்றி. இப்பதிவில் பிழை காணும் நண்பர்களும் அவ்வாறே தயங்காமல் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன்.